புறமுதுகு காட்டிய சாம்பல் கோழி

முன்னொரு காலத்தில் ஒரு நாடு இருந்தது. பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அந்த ஊர்க்காரர் எவராவது எழுந்து, எங்கள் ராஜாவையா அப்படிச் சொன்னாய் என்று சண்டைக்கு வருவார். அந்த நாட்டை ஆண்ட கொற்றவேல் மகாராஜாவுக்கு ஒரு பைத்தியம் இருந்தது. சில ராஜாக்களுக்கு யானைப் பைத்தியம், சிலருக்குப் பாட்டுப் பைத்தியம், சிலருக்கு மூன்றாவது கல்யாணப் பைத்தியம். இவருக்குக் கோழிப் பைத்தியம். கோழி என்றால் இலையில் விழுகிற கோழி இல்லை, களத்தில் இறங்கிச் சண்டை போடுகிற சேவல்.

அரண்மனைச் சமையற்கட்டை அடுத்து ஒரு பெரிய கொல்லை. அதில் வரிசையாகப் பஞ்சாரங்களைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். ஒவ்வொரு மூங்கில் கூடைக்குள்ளும் ஒரு சேவல். காலையில் எழுந்ததும் ராஜா சாமி கும்பிடுகிறாரோ இல்லையோ, கொல்லைக்குப் போய்விடுவார். சேவலைத் தூக்கி மார்பைத் தடவிப் பார்ப்பார், கால் செதிலைத் தேய்த்துப் பார்ப்பார், கண்ணின் நிறத்தை வெயிலில் திருப்பிப் பார்ப்பார். வெளியே வழக்குகளும் வரிப் புகார்களும் தூண்களில் சாய்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருக்கும்.

நல்ல இரத்தத்தைப் பொறுக்கி எடுக்க ராஜா ஒரு வழி வைத்திருந்தார். இளஞ்சேவல் கூவத் தொடங்கியதும் அதை ஒரு பழைய சேவலுக்கு எதிரே விடுவார். நின்று அடித்தால் கொல்லையில் இடம். முதுகைக் காட்டி ஓடினால் சமையற்கட்டில் இடம். ஓடியது மட்டுமா போகும்? கூடப் பொரித்த உடன்பிறப்புகள், பெற்ற தாய்க்கோழி, அப்போது அந்தத் தாய் அடைகாத்துக்கொண்டிருக்கும் முட்டை, எல்லாமே போகும். ஓடுகிற இரத்தம் ஒரு சொட்டுக்கூட மிஞ்சக் கூடாது என்பார். ஆனால் தகப்பன் சேவலை மட்டும் தொட மாட்டார். ஜெயித்தால் பேர் சேவலுக்கு, தோற்றால் பழி பெட்டைக்கு. அந்தக் கொல்லையின் சட்டம் அது. அந்தக் கொல்லையில் மட்டும்தானா என்று என்னைக் கேட்காதீர்கள்.

ராஜாவின் சேவல்களுக்கெல்லாம் ராஜா, இடியன் என்ற சேவல். தோற்றதே இல்லை. எதிரியைப் பார்த்ததும் ஒரு குரல் கொடுக்கும், பாதிச் சேவல்கள் அந்தக் குரலுக்கே ஒதுங்கிவிடும். ராஜா தம் மூத்த இளவரசனைப் பற்றி யாராவது விசாரித்தால் இருக்கிறான் என்பார். இடியனைப் பற்றி விசாரித்தால் பந்தி முடியும்வரை பேசுவார்.

அந்த அரண்மனையில் வில்லியப்பன் என்று ஒரு விகடகவி இருந்தான். வாய் உள்ள பிள்ளை. சபையில் அவன் எழுந்து தொண்டையைச் செருமினாலே ராஜா சிரிக்கத் தயாராகிவிடுவார். அவன் வீடு அரண்மனைக் கொல்லையின் மதிலை ஒட்டி இருந்தது. அவனும் அவன் மனைவி ஆவுடையாளும் வீட்டுப் புறக்கடையில் சில கோழிகளை வளர்த்தார்கள். ராஜாவின் பழைய சேவல் செவலையன் ஒருமுறை மதிலைத் தாண்டி இந்தப் பக்கம் குதித்துச் சில நாள் குடும்பம் நடத்திவிட்டுப் போனது. அப்படிப் பொரித்ததுதான் இடியன். விஷயம் தெரிந்து ராஜாவே நேரில் வந்து குஞ்சைப் பொறுக்கிக்கொண்டு போனார். தாய் ஒரு சாம்பல் நிறப் பெட்டை, கீரி கடித்ததில் காலில் ஒரு விரல் கிடையாது. அதைப் பார்த்த ராஜா, தாய் நொண்டியானால் என்ன, தகப்பன் என் செவலையன் அல்லவா என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்தச் சாம்பல் பெட்டையை வில்லியப்பனுக்குப் பிடிக்காது. பயந்தாங்கொள்ளி என்பான். பருந்தின் நிழல் தரையில் விழுந்தால் போதும், அது குஞ்சுகளை விட்டுவிட்டுக் கத்திக்கொண்டே ஓடும். ஒருநாள் அடித்துக் குழம்பு வைத்துவிடலாம் என்று அவன் சொன்னபோது ஆவுடையாள் ஒத்துக்கொள்ளவில்லை. நின்று சண்டை போட்ட செங்கோழியையும் அதன் குஞ்சுகளையும் பருந்து கொண்டுபோய்விட்டது, இதன் குஞ்சுகளில் ஒன்றாவது குறைந்ததா என்று கேட்டாள். அவன் அதையும் ஒரு வேடிக்கையாக்கிச் சிரித்துவிட்டுப் போனான்.

ஒரு நாள் அரண்மனையில் விருந்து. அன்று காலைதான் ஓர் இளஞ்சேவல் ஓடியிருந்தது, ஆகவே அதன் குடும்பமே இலையில் இருந்தது. வில்லியப்பன் நன்றாகச் சாப்பிட்டான். வயிறு நிறைந்தால் அவனுக்கு வாய் துறுதுறுக்கும். எழுந்து கைகட்டி நின்று இப்படிச் சொன்னான்:

“மகாராஜா, கோழியை இவ்வளவு அக்கறையாகப் பொறுக்குகிறீர்கள். படைவீரனை மட்டும் சும்மா விடலாமா? போர்க்களத்தில் ஒருவன் முதுகைக் காட்டினால், அவன் தாய், தாரம், பிள்ளை குட்டி எல்லாரையும் பஞ்சாரத்தில் கவிழ்த்து நாடு கடத்திவிடுங்கள். நாலு தலைமுறை போனால் நம் நாட்டில் முதுகே இல்லாத ஆட்களாகப் பிறப்பார்கள். சட்டை தைப்பவனுக்குப் பாதித் துணி மிச்சம்.”

ராஜா சிரித்தார். சிரித்துச் சிரித்துப் புரையேறி, பக்கத்தில் இருந்தவர்கள் தலையில் தட்ட வேண்டியதாயிற்று. தோளில் இருந்த பொன்னாடையை எடுத்து வில்லியப்பன்மேல் போட்டார். பந்தியே சிரித்தது. தளவாய் சூரப்பன் மட்டும் சிரிக்கவில்லை. அவர் போரில் வாங்கிய பொன்னாடைகளைவிட வில்லியப்பன் சாப்பாட்டு இலைக்கு முன்னால் வாங்கிய பொன்னாடைகள் அதிகம். அந்த வயிற்றெரிச்சல் அவருக்கு வெகுநாளாக உண்டு. சிரிக்காதவன் கேட்ட வார்த்தையை மறக்க மாட்டான் என்பதை வில்லியப்பன் அன்று யோசிக்கவில்லை.

மழைக்காலம் முடிந்ததும் எல்லையில் ஒரு சண்டை வந்தது. சூரப்பன் வழியை வேவு பார்க்காமல் ஒரு சிறு படையை மலைக்கணவாய்க்குள் அனுப்பினார். தாம் கூடாரத்தில் இருந்துகொண்டார். கணவாயின் இரண்டு பக்கமும் எதிரி காத்திருந்தான். போனவர்கள் எல்லாரும் மாண்டார்கள், சடையன் என்ற ஒருவனைத் தவிர. அவன் வேல்கம்பை எறிந்துவிட்டு ஓடினான். ஓட்டமாக ஓடித் தலைநகர் வந்து, எதிரி வருகிறான், கதவைச் சாத்துங்கள் என்று காவலாளிகளிடம் சொல்லிவிட்டு வாசலிலேயே விழுந்தான். கதவைச் சாத்தினார்கள். பின்னாலேயே வந்த எதிரி சாத்திய கதவைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனான்.

நகரம் பிழைத்தது. சூரப்பனுக்குத்தான் தூக்கம் போயிற்று. கணவாய்க்குள் போகச் சொன்னது யார் என்று சடையன் வாயைத் திறந்தால் தம் பதவி என்ன ஆகும்? அவன் மயக்கம் தெளிவதற்குள் அவர் சபையில் நின்றார். அத்தனை பேரும் நின்று செத்தார்கள், ஒருவன் மட்டும் புறமுதுகு காட்டினான் என்றார். நம் விகடகவி சொன்ன யோசனை மகாராஜாவுக்கு நினைவிருக்கும், அதை நடத்திக் காட்ட இதைவிட நல்ல சமயம் வராது என்றார்.

ராஜாவுக்கு அந்தப் பேச்சு நினைவிருந்தது. சிரித்ததும் நினைவிருந்தது, கோழிக் கொல்லையில் அது எவ்வளவு நன்றாகப் பலித்தது என்பதும் நினைவிருந்தது. வில்லியப்பனைக் கூப்பிட்டு, “விகடகவி, அன்று நீ சொன்னது விளையாட்டா, உண்மையா?” என்று கேட்டார்.

வில்லியப்பன் வாயைத் திறக்குமுன் சூரப்பன் முந்திக்கொண்டார். விளையாட்டு என்றால், மகாராஜாவின் கோழி வளர்ப்பையே அவன் பந்தி நடுவில் கேலி செய்திருக்கிறான் என்றுதானே பொருள், அதற்கு என்ன தண்டனை என்று மகாராஜாவுக்கே தெரியும் என்றார். ராஜாவின் முகம் மாறியது. கோழியைக் கேலி செய்தவனை அவர் மன்னித்ததாகச் சரித்திரம் இல்லை.

விளையாட்டு என்றால் தன் தலை போகும். உண்மை என்றால் சடையன் குடும்பம் போகும். எத்தனையோ முறை இதைவிடக் குறுகிய சந்துகளிலிருந்து ஒரு வார்த்தையால் வெளியே வந்தவன் வில்லியப்பன். அன்று வார்த்தை வரவில்லை. கடைசியில் வந்தது ஒன்றுதான்.

“உண்மைதான், மகாராஜா.”

அன்றே அவர்களைக் கொண்டுபோனார்கள். மேற்கு எல்லைக்கு அப்பால் ஒரு காடு உண்டு, காய்ச்சல் காடு என்று பேர். அங்கே குடியேற்றப்பட்டவர்கள் திரும்பி வந்து அது எப்படி இருந்தது என்று யாரிடமும் சொன்னதில்லை. சடையன் முன்னால் நடந்தான். பின்னால் அவன் தாய், அவளுக்குப் பின்னால் அவன் மனைவி காத்தாயி, காத்தாயியின் இடுப்பில் செல்லி என்ற சின்னப் பெண். காவலர்கள் அவர்களை வில்லியப்பன் வீட்டுத் தெரு வழியாகத்தான் கூட்டிப்போனார்கள். அவன் உள்ளே உட்கார்ந்திருந்தான். எழுந்து வாசலுக்கு வரவில்லை.

ஆவுடையாள் வாசலில் நின்று அவர்களைப் பார்த்தாள். அதற்கப்புறம் அவனுக்குச் சோறு போட்டாள், வெந்நீர் வைத்தாள், பேச்சை மட்டும் நிறுத்திவிட்டாள். ஊரையே சிரிக்கவைத்தவனுக்கு வீட்டில் ஒரு சொல் கிடைக்கவில்லை. அவன் உடம்புக்கு முடியவில்லை என்று சொல்லிச் சபைக்குப் போகாமல் புறக்கடையில் உட்கார்ந்திருந்தான். இப்படிச் சில நாட்கள் போயின. அந்தச் சில நாட்களைத்தான் பிற்பாடு அவனால் எந்தக் கணக்கிலும் சேர்க்க முடியவில்லை.

ஒரு முற்பகல் பருந்தின் நிழல் புறக்கடையில் விழுந்தது. சாம்பல் பெட்டை கத்தியது. குஞ்சுகள் கிடைத்த இடத்தில் பதுங்கிக்கொண்டன. பெட்டை அவற்றை விட்டு விலகிக் கத்திக்கொண்டே வெட்டவெளியில் ஓடியது. பருந்து ஓடுவதைத்தான் பார்க்கும், பதுங்கியதைப் பார்க்காது. பெட்டையைத் துரத்திக்கொண்டு வந்தது. பெட்டை கடைசி நேரத்தில் முள்வேலிக்குள் நுழைந்துகொண்டது. பருந்து முள்ளைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனபின் பெட்டை வெளியே வந்து குஞ்சுகளைக் கூப்பிட்டது. எல்லாம் வந்தன. இவ்வளவு நாளும் இதைப் பார்த்துச் சிரித்தவன் அன்றுதான் முழுவதையும் பார்த்தான்.

“ஓடுறது குஞ்சைக் காப்பாத்தத்தான் போலிருக்கு” என்றான், தனக்குத்தானே சொல்வதுபோல.

முற்றம் பெருக்கிக்கொண்டிருந்த ஆவுடையாள் நிமிர்ந்தாள். அத்தனை நாளுக்கப்புறம் அவள் பேசிய முதல் பேச்சு அது.

“அது குஞ்சுக்காக ஓடுது. அன்னிக்குச் சபையில நீங்க ஓடினீங்களே, எந்தக் குஞ்சைக் காப்பாத்த ஓடினீங்க?”

அவன் எழுந்து முகம் கழுவி, பொன்னாடையைப் போட்டுக்கொள்ளாமல், நேராக அரண்மனைக்குப் போனான்.

சபையில் வில்லியப்பனைப் பார்த்ததும் ராஜாவுக்கு முகம் மலர்ந்தது. அவன் இல்லாமல் சில நாளாகச் சபை உப்பில்லாமல் இருந்ததாகச் சொன்னார். வில்லியப்பன் பணிவாக ஒரு வேண்டுகோள் வைத்தான். தன் யோசனையை மகாராஜா சட்டமாக்கியது பெரும் பாக்கியம், ஆனால் ஊரில் சிலர் இது கோழிக்குத்தான் பொருந்தும் ஆளுக்குப் பொருந்தாது என்று முணுமுணுக்கிறார்களாம், அவர்கள் வாயை அடைக்கச் சபை நடுவில் ஒரு கோழியைச் சோதித்து அதன் குடும்பத்தை எப்படி வேரோடு களைவது என்று காட்ட அனுமதி வேண்டும் என்றான். சூரப்பனுக்கு உச்சி குளிர்ந்தது. இவ்வளவு சீக்கிரம் விகடகவி தம் பக்கம் வந்துவிடுவான் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. அவசியம் நடக்க வேண்டும் என்று அவரே சொன்னார்.

“ஒரு சின்னச் சந்தேகம், மகாராஜா” என்றான் வில்லியப்பன். “ஓடியது யாருக்கு வேண்டியதாக இருந்தாலும் சட்டம் ஒன்றுதானே? நடுவில் மகாராஜாவுக்கே மனம் இளகினால்?”

“கோழியானாலும் ஆளானாலும் சட்டம் ஒன்றுதான். என் மனம் இளகாது. இது என் வாள்மேல் ஆணை” என்றார் ராஜா. ஆணை என்றால் வாளைத் தொட்டுச் சொல்வது அவர் வழக்கம். தொட்டுச் சொன்னார்.

மறுநாள் சபை நடுவில் மணல் பரப்பினார்கள். பிரதானிகளும் பண்டிதர்களும் சுற்றி உட்கார்ந்தார்கள். அரண்மனை வேட்டைக்காரன் கையுறையில் இராசாளிப் பருந்தை ஏந்தி, அதன் காலில் நீளக் கயிறு கட்டி நின்றான். வில்லியப்பன் ஒரு பஞ்சாரத்தைத் தூக்கிவந்து மணலில் வைத்து, மெதுவாக நிமிர்த்தினான். உள்ளே சாம்பல் பெட்டையும் குஞ்சுகளும்.

இராசாளியை விட்டார்கள். பெட்டை ஒரு கத்தல் கத்தியது. குஞ்சுகள் மணலைத் தாண்டிச் சிதறின. கிடைத்த இடமெல்லாம் மறைவிடம்: சில பிரதானிகளின் பாதுகைகளுக்குப் பின்னால், சில பண்டிதர்களின் அங்கவஸ்திரத்துக்குள், ஒன்று நேராகப் போய் சிம்மாசனத்தில் ராஜாவின் பட்டு விரிப்புக்குள் நுழைந்துகொண்டது. பெட்டை மட்டும் எல்லாருக்கும் முதுகைக் காட்டி, இறக்கையை அடித்துக்கொண்டு சபையின் அந்தக் கோடிக்கு ஓடியது. இராசாளி அதன் பின்னால். முள்வேலி இல்லாத இடத்தில் பாவம் அது எங்கே போகும், தளவாய் சூரப்பனின் ஆசனத்துக்கு அடியில் புகுந்தது. இராசாளி அவர் முகத்தை நோக்கி வரவும் தளவாய் ஆசனத்தின்மேல் ஏறி நின்றுகொண்டார். வேட்டைக்காரன் கயிற்றைச் சுண்டி இழுத்தான். சபை சிரித்து அடங்கக் கொஞ்ச நேரமாயிற்று.

வில்லியப்பன் சிரிக்கவில்லை. கைகட்டி நின்று, கோழி புறமுதுகு காட்டியதைச் சபையோர் பார்த்தார்களா என்று கேட்டான். பார்த்தோம் என்றார்கள். தளவாய் பார்த்தாரா என்று கேட்டான். ஆசனத்திலிருந்து இறங்கிக்கொண்டே அவரும், நன்றாகப் பார்த்தேன், அப்பட்டமாக ஓடியது என்றார். வில்லியப்பன் ஆசனத்துக்கு அடியிலிருந்து பெட்டையை எடுத்து, அதன் காலை ராஜாவுக்கு நேரே நீட்டினான்.

“மகாராஜா, இந்தக் காலை நினைவிருக்கிறதா?”

ராஜா குனிந்து பார்த்தார். விரல் இல்லாத அந்தக் காலைக் கண்டதும் அவருக்கு எல்லாம் நினைவுக்கு வந்தது. வில்லியப்பன் வாசலைப் பார்த்துக் கையைத் தட்டினான். அவன் சொல்லிவைத்திருந்தபடி சமையற்காரன் ஒரு பஞ்சாரத்தைத் தூக்கிக்கொண்டு வந்தான். உள்ளே இருந்து ஒரு குரல் வந்தது. அந்தக் குரலை ராஜா தூக்கத்திலும் அடையாளம் சொல்வார்.

“இடியனையா?” என்று ராஜா எழுந்துவிட்டார். பட்டு விரிப்பிலிருந்த குஞ்சு கீழே விழுந்து ஓடியது.

“இந்தப் பெட்டையின் மகன் அவன். தாய் ஓடினாள், ஆகவே மகன் போக வேண்டும். மகாராஜா வாள்மேல் ஆணையிட்ட சட்டம். மனம் இளகாது என்றும் சொன்னீர்கள். அடுப்பு தயாராக இருக்கிறது.”

ராஜா வாளைப் பார்த்தார், பஞ்சாரத்தைப் பார்த்தார். தம் நாட்டில் ஒரு சட்டம் யாரை எங்கே போய்த் தொடும் என்று அவர் முதன்முதலாக யோசித்தது அன்றுதான் என்று நினைக்கிறேன். முகம் வெளுத்துப் போயிருந்தது. கோழியை வளர்க்கிறவன் படும் வேதனை உண்மையான வேதனைதான், அதை நான் கேலி செய்ய மாட்டேன்.

ஒரு வழி இருக்கிறது என்றான் வில்லியப்பன். பெட்டை ஓடவே இல்லை என்று ஆகிவிட்டால் இடியனுக்கு ஒன்றும் இல்லை. ஓடியதா இல்லையா என்று தீர்ப்புச் சொல்லத் தகுந்தவர், புறமுதுகு விஷயத்தில் அனுபவசாலியான நம் தளவாய்தான். அவர் ஒரு வார்த்தை சொல்லட்டும்.

எல்லாரும் சூரப்பனைப் பார்த்தார்கள். ராஜா பார்த்த பார்வையில் அவருக்கு வேர்த்துவிட்டது. ஓடியது என்றால் இடியன் சாவான், இடியனுக்கு மறுநாள் அவர் சாவார். ஓடவில்லை என்று சொல்லலாமென்றால், சற்றுமுன்தான் அப்பட்டமாக ஓடியது என்று சொல்லித் தொலைத்திருக்கிறார். மெல்லச் சொன்னார்.

“அது ஓடவில்லை, மகாராஜா. கொஞ்சம் வேகமாக வந்தது.”

ராஜா ஒரு கணம் விழித்தார். பிறகு வெடித்துச் சிரித்தார். வேகமாக வந்ததாம், வேகமாக வந்ததாம் என்று சொல்லிச் சொல்லிச் சிம்மாசனத்தில் அடித்துக்கொண்டு சிரித்தார். வில்லியப்பன் அந்தச் சிரிப்பு முடியும்வரை காத்திருந்தான்.

“சடையனும் அப்படித்தான், மகாராஜா. வேகமாக வந்தான். அவன் வந்ததால்தான் கோட்டைக் கதவைச் சாத்தினோம். கணவாயில் நின்றிருந்தால் அவனும் செத்திருப்பான், நாமும் செத்திருப்போம். வேவு பார்க்காமல் அவர்களை உள்ளே அனுப்பியவர் யார் என்று ஊர் முணுமுணுக்கிறது, அவனையே கூப்பிட்டுக் கேளுங்கள்.”

ராஜா முட்டாள் இல்லை, சோம்பேறி, அவ்வளவுதான். சூரப்பனின் முகத்தைப் பார்த்ததுமே அவருக்குப் பாதிக் கதை புரிந்துவிட்டது. தளவாய்ப் பதவியைப் பிடுங்கி, அவரைக் கோழிக் கொல்லையைக் கூட்டிப் பெருக்கும் வேலைக்கு அனுப்பினார். சட்டத்தை ரத்து செய்தார். குதிரை வீரர்கள் காய்ச்சல் காட்டுக்குப் பறந்தார்கள். ராஜா தம் கழுத்து மாலையைக் கழற்றி வில்லியப்பன் கழுத்தில் போட்டு, ஒரு கிராமத்தையும் மானியமாகக் கொடுத்தார். சபை ஆரவாரித்தது.

ராஜா சிரித்தார், பரிசு கொடுத்தார், எல்லாரும் சுகமாக இருந்தார்கள் என்று இந்த இடத்தில் கதையை மடித்து வைப்பவர்கள் உண்டு. அவர்களுக்கு வீட்டுக்குப் போகும் அவசரம். எனக்கு அவ்வளவு அவசரம் இல்லை.

குதிரை வீரர்கள் அவர்களைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். சடையன் வந்தான், அவன் தாய் வந்தாள், காத்தாயி வந்தாள். காத்தாயியின் இடுப்பில் யாரும் இல்லை. காட்டில் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டது. குதிரைகள் போய்ச் சேர்வதற்கு முந்தின நாள் அடக்கம் செய்திருந்தார்கள். ராஜாவிடம் இதைச் சொன்னபோது அவர் அடடா என்றார். உண்மையாகவே வருந்தினார் என்று கேள்வி. பிறகு இடியனுக்குத் தீனி வைக்கும் நேரமாகிவிட்டதென்று கொல்லைக்குப் போனார்.

வில்லியப்பன் கணக்குப் போட்டுப் பார்த்தான். புறக்கடையில் உட்கார்ந்திருந்த நாட்களில் இரண்டு மூன்று குறைந்திருந்தால் போதும். வேறு யாரும் அவனிடம் அதைச் சொல்லவில்லை. ஆவுடையாளும் சொல்லவில்லை. கழுத்து மாலையையும் மானியப் பட்டயத்தையும் எடுத்துக்கொண்டு அவன் சடையன் வீட்டுக்குப் போனான்.

சடையன் வேலைக்குப் போயிருந்தான். காத்தாயி உரலில் கம்பு குத்திக்கொண்டிருந்தாள். வில்லியப்பன் கொண்டுவந்ததை அவள் எதிரே வைத்தான். அவள் உலக்கையை நிறுத்தி அதைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள்.

“நீங்கதான் அரண்மனையில வேடிக்கை சொல்றவரா, சாமி?”

ஆமாம் என்றான்.

“எங்களை வரவழைச்சதும் நீங்கதானாம். காவக்காரங்க சொன்னாங்க. கும்பிடுறேன்” என்று உலக்கையைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கும்பிட்டாள். அவன் அந்தக் கும்பிடைத் தாங்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டான். அவள் தொடர்ந்தாள். “எங்களை அனுப்பினதும் நீங்க சொன்ன ஒரு வேடிக்கையாலதான்னு சொல்றாங்க. ராஜா புரையேறுற அளவுக்குச் சிரிச்சாராமே. அப்படி என்ன சொன்னீங்க? எனக்கும் சொல்லுங்க, கேக்குறேன்.”

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்டாள். திட்டியிருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும். இல்லை என்று மழுப்பிவிட்டு வெளியே வந்திருக்கலாம், அதற்கும் வாய் இருந்தது. ஆனால் ஒருமுறை ஓடியது போதும் என்று அவனுக்குப் பட்டது. அந்த முற்றத்தில் நின்று அன்று விருந்தில் சொன்னதை முதலிலிருந்து சொன்னான். பஞ்சாரத்தில் கவிழ்ப்பதைச் சொன்னான். முதுகில்லாமல் பிறப்பதைச் சொன்னான். சட்டைத் துணி மிச்சமாவதையும் விடாமல் சொல்லி முடித்தான்.

காத்தாயி கவனமாகக் கேட்டாள். முடிந்துவிட்டது என்று தெரிந்த பிறகும், இன்னும் ஏதோ மீதி இருக்கும் என்பதுபோல அவன் வாயையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அவ்வளவுதானா, சாமி?” என்றாள்.

அவ்வளவுதான் என்றான் வில்லியப்பன்.